யோன்சிம் வீட்டுக் கடல்

யோன்சிம்மின் படுக்கைக்குத் தினமும் விடியற்காலையில் கடல் வந்துவிட்டுப் போகும். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. ஊர்ப் பிள்ளைகள் படுக்கையை நனைப்பதைப் போலத்தான் அவளும் ஆரம்பித்தாள்: ஐந்து வயதில் உள்ளங்கையளவு ஈரம், எட்டில் கணுக்கால் தண்ணீர், பத்தில் நெத்திலி. அரசாங்கம் வைக்கோல் கூரைகளைப் பிடுங்கித் தகரம் போட்ட வருஷத்தில் நண்டும் வந்தது. மதியச் சோற்று நேரத்துக்குள் எல்லாம் வற்றிவிடும். அடியில் அடுப்புச் சூடு ஓடும் தரை என்பதால் காய்வதற்குச் சிரமமில்லை, நாற்றம்தான் போகாது. தகப்பன் தூரக் கடலில் மீன் கப்பலில் வேலை செய்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, "இன்னும் நிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போவான். மகராசன், அதற்கு மேல் அவனுக்கென்ன கவலை.

கொரியாவின் அந்த மேற்குக் கரையில் இதற்கு ஒரே வைத்தியம்தான். நனைத்த பிள்ளையின் தலையில் முறத்தைக் கவிழ்த்து, கையில் கிண்ணம் கொடுத்து, அக்கம்பக்கத்தில் உப்புக் கேட்டு வர அனுப்ப வேண்டும். கதவைத் திறக்கிறவள் சோற்று அகப்பையால் முறத்தில் நாலு போட்டு, வைதுவிட்டு, உப்புக் கொடுப்பாள். வெட்கத்தில் பிள்ளை நிறுத்திவிடும். ஐந்து வயதில் அது விளையாட்டு. ஊரும் சிரிக்கும், பிள்ளையும் சிரிக்கும். அம்மா உயரத்துக்கு வளர்ந்த பெண்ணை அப்படி அனுப்புகிறவர்கள் யாரும் இல்லை. யோன்சிம்மின் அம்மா சுன்நே அனுப்பினாள். வேறு வைத்தியம் அவளுக்குத் தெரியாது.

பக்கத்து வீடு ஊர்த் தலைவர் குவாக்கினுடையது. அவர் மனைவிக்கு அகப்பை ஓங்குவதென்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. அவள் ஓங்கினால் அடி முறத்தோடு நிற்காது, தோளுக்கும் இறங்கும். "கழுதை வயசாச்சு, வெக்கமில்லையாடி ஒனக்கு? டவுன் பள்ளிக்கூடத்துல போயி நாலு புள்ளைங்க நடுவுல படுக்கப் போறாளாம்! பாவம், அதுங்க மொதல்ல நீச்சல் கத்துக்கிட்டு வரணும்!" தெருவே கேட்கச் சொல்வாள். யோன்சிம் பரீட்சையில் தேறியிருந்தாள். பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. விடுதியில் ஐந்து பெண்களுக்கு ஒரே அறை, ஒரே தரை. கடல் நிற்காவிட்டால் படிப்பு அதோடு சரி.

வாங்கி வந்த உப்பில் ஒரு பிடியைச் சுன்நே கஞ்சியில் கரைத்துக் கொடுப்பாள், மிச்சம் சாடிக்குப் போகும். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? பெண் குடம் குடமாகக் குடித்தாள். மறுநாள் கடல் இன்னும் ஒரு விரற்கடை ஏறி வந்தது. ஏழு வருஷமாக இது யாருக்கும் உறைக்கவில்லை. சுன்நே ஊரைத்தான் வெறுத்தாள், பக்கத்து வீட்டைத்தான் சபித்தாள், விடிந்ததும் முறத்தைத்தான் எடுத்தாள்.

அன்று காலை யோன்சிம் விளிம்பு உடைந்த முறத்தோடு திரும்பினாள். முறத்தை உடைத்ததற்காகத் தானும் ஒன்று வைக்கலாமென்று சுன்நே கை ஓங்கினாள். பெண் அழவில்லை.

"அவங்க அடிச்சா அடிக்கட்டும்மா, அவங்களுக்கு நான் யாரு? தெனம் நீதானே முறத்தை எடுத்து என் தலையில கவுக்குற?"

சுன்நேவின் கை அப்படியே நின்றது. ஏழு வருஷக் கோபத்துக்கு முகவரி தவறியிருந்தது என்று புரிந்தபோது, அந்தக் கோபம் இரட்டிப்பாயிற்று. உடைந்த முறத்தைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். உப்புச் சாடியை இடுப்பில் ஏற்றினாள். போய்க் குவாக் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தலைவர் மனைவி கதவைத் திறந்ததும் முறத்தைத்தான் பார்த்தாள். பழக்க தோஷம், அகப்பை படீரென்று இறங்கியது.

"ஐயய்யோ, யோன்சிம் அம்மா! நீயா?"

"நான்தான். அடிச்சு முடிச்சாச்சா? எம்பொண்ணுக்கு நீங்க குடுத்தது இந்தாங்க. இதுல நான் போட்ட உப்பும் இருக்கு, அதையும் சேத்தே வச்சுக்கோங்க!"

பளபளவென்று துடைத்திருந்த தரையில் சாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தலைவர் மனைவி வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினாள். சுன்நே காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து முறத்தை முழங்காலில் வைத்து முறித்து அடுப்பில் செருகினாள். அந்தத் தீயில்தான் அன்றைக்குக் கஞ்சி வெந்தது. உப்பில்லாத கஞ்சி. யோன்சிம் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் சுன்நே பெண்ணுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நம்பாமல் மறுபக்கமும் தடவினாள். காய்ந்தே இருந்தது. பெண் முழித்துக்கொண்டு, "எங்கம்மா முறம்?" என்றாள். சுன்நே அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அதற்குள் பக்கத்து வீட்டில் கூப்பாடு கிளம்பிவிட்டது. தலைவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். அவர் மனைவி சுவருக்கு மேல் தலையை நீட்டி, "வீட்டுக்குள்ள கடல் வந்துடுச்சே! ஐயோ, என்ன பண்றது?" என்று அலறினாள்.

சுன்நே மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள்.

"கத்தாதீங்க. மத்தியானத்துக்குள்ள வத்திரும். நண்டு மட்டும் கடிக்கும், பாத்து நடங்க."