சனூனுக்கு ஆறு சொல்

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். சனூனைச் சங்கத்திலிருந்து விலக்கி, அவனுடைய தொழில் அனுமதியையும் வெட்டச் சொல்லிக் கொழும்புக்கு ஒரு கடிதம். தலைவர் கையெழுத்து வைத்தால் நாளைத் தபாலில் போய்விடும். தலைவர் வலன்ரைன், எழுபத்தொரு வயது, அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிசன். எழுதின கடதாசி எதையும் நம்பமாட்டார். விளங்காத கடதாசியை அறவே நம்பமாட்டார்.

மூன்று கிழமைக்கு முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை, கடற்படை வந்து தடை செய்த தங்கூசி நைலோன் வலைகளை அள்ளிக்கொண்டு போனது. ஏழு பேரின் வலை. வலன்ரைனை மரியாதைக்கு அப்பா என்று கூப்பிடுகிற றொட்னியின் படகும் சேர்ந்து போனது. சனூனிடமும் தங்கூசி இருந்தது, ஆனால் அவன் அன்றைக்குக் கடலில் இல்லை. ஜும்மாத் தொழுகை இருப்பதால் எந்த வெள்ளிக்கிழமையும் அவன் தொழிலுக்குப் போகிறவனில்லை. அதையே ஊர் குற்றமாகத் திருப்பிவிட்டது: தான் கரையில் நிற்கிற நாளாகப் பார்த்துக் கடற்படையை வரச் சொல்லியிருக்கிறான்.

நாள் பார்த்தது உண்மைதான். பார்த்தவர் வலன்ரைன். மன்னாருக்குப் பிறசர் மருந்து எடுக்கப் போன இடத்தில், மீன் குஞ்சு குருமனெல்லாம் வாரி அழிக்கிறாங்கள் என்ற கொதிப்பில் கடற்படைக் கந்தோருக்குள் ஏறித் தங்கூசிக் கதையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை வாங்கோ என்றும் சொன்னார். பதினைந்து வருசமாகக் கடற்கரை வாடிக் கொட்டிலில் பக்கத்தில் வலை காயப்போடுகிற சனூன் மாட்டக்கூடாதென்றுதான் அந்த நாள்.

செயலாளர் ஜெனோஜன் கடிதத்தை வாசித்தான். இங்கிலிஷ் விறுவிறென்று ஓடியது.

"நில்லடா தம்பி. ஆறு சொல்லுக்குக் கீழ கோடு போட்டிருக்கிறாய், முதலாவது என்ன?"

"டிஸ்லோயல். விசுவாசமில்லாதவர் எண்டு, ஐயா."

"மற்றதுகள்?"

"பிட்றேயல், காட்டிக்கொடுக்கிறது. ட்றெச்சரியும் கிட்டத்தட்ட அதுதான். பிறீச் ஒவ் ட்றஸ்ட், நம்பிக்கையை முறிக்கிறது. இன்ஃபோமர், தகவல் குடுக்கிறவர். போனில தேடித் தேடி எடுத்தனான். ஒண்டை மட்டும் எழுதினா கொழும்பில கணக்கெடுக்க மாட்டாங்கள்."

"ஒரு வேலைக்கு இவ்வளவு பேரோ? வெள்ளைக்காரன் இதில நல்லாப் பழகினவன் போல."

இரண்டு பேர் சிரித்தார்கள். றொட்னி சிரிக்கவில்லை. "பகிடியை விட்டிட்டுக் கையெழுத்தை வையுங்கோ அப்பா."

"ஆறாவது?"

ஜெனோஜன் தாளையே பார்த்தான். "ட்றெய்ற்றர்."

"தமிழில சொல்லு."

துரோகி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்தச் சொல்லை மட்டையில் எழுதி, ஆளின் கழுத்தில் கொழுவி, லைற் கம்பத்தில் கட்டிச் சுட்ட சண்டைக் காலம் ஒன்று இருந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அப்படியொரு கம்பத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போனவர்கள்.

வாசலோரக் கதிரையில் இருந்த சனூன் நிமிராமல் சொன்னான்: "வல்லாஹி, அல்லா மேல சத்தியம், நான் சொல்லல்ல."

"பொத்தடா வாயை!" றொட்னி எழும்பினான். "அப்ப ஆர்? வெள்ளிக்கிழமை வாங்கோ எண்டு கடலோ சொன்னது?"

வலன்ரைன் பேனையைத் திறந்தார். கையெழுத்தை வைத்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். வைக்காவிட்டால் இந்தக் கரையில் அவருடைய படகைத் தள்ள ஒரு கை வராது.

"ஜெனோஜன், ஆறு சொல்லும் கிடக்கட்டும். பேரை வெட்டு."

"வெட்டிப்போட்டு ஆற்ற பேரை எழுத?"

"என்ர பேரை. நான்தான் கந்தோரில போய்ச் சொன்னனான்."

றொட்னியின் கதிரை சுவரில் போய் மோதியது. இரண்டு பேர் அவனை இடுப்போடு பிடித்தார்கள். "கிழட்டு நாயே, உன்னைப் போய் அப்பா எண்டு கூப்பிட்டனே!"

வலன்ரைன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சனூனைப் பார்த்தார்.

"நீ கரையில நிக்கிற நாள் எண்டுதான்ரா வெள்ளிக்கிழமையைச் சொன்னனான்."

சனூன் எழும்பினான். "மூணு கிழமை, அண்ணன். என்ர படகு தள்ள ஒருத்தரும் வரல்ல. என்ர பொண்டாட்டி ஸுஹறாக்குக் கடையில சாமான் குடுக்கல்ல. நீங்க பக்கத்து வாடியில இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" ஜெனோஜனிடம் திரும்பினான். "அதுக்கு உங்கட போனில ஒரு சொல் இருக்கா தம்பி?"

ஜெனோஜன் போனை எடுத்தான். பிறகு மேசையில் கவிழ்த்து வைத்தான்.

சனூன் செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்கிப் போனான். வலன்ரைன் தாளைத் தன் பக்கம் இழுத்து, சனூனின் பேரைத் தானே வெட்டி, அதற்கு மேலே தன் பேரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினார்.