நான்கு நிமிடம்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷ்யாமளாவின் கண் கூடத்துக் கடிகாரத்தில் இருந்தது.

ஐந்தரைக்கு ரேடியோவில் அப்பாவின் இசை. நான்கு நிமிடம். சினிமாக் கம்பெனிகளில் ஊரார் மெட்டுக்கெல்லாம் வாத்தியம் பிரித்து எழுதிக்கொடுத்த அப்பா நாணுவுக்குத் தன் பெயரில் வரும் முதல் இசை. ஒத்திகை முடிந்துவிட்டது, அவர் இல்லாவிட்டாலும் வாசிப்பார்கள். நிலையத்திலேயே நேராக வாசிப்பது, மறுபடி வராது.

பிடில் பகுதி, கிளாரினெட் பகுதி, செல்லோ பகுதி என்று தனித்தனியாக அவளிடம் முனகிக் காட்டியிருந்தார்.

"எல்லாம் சேந்தா எப்படிப்பா இருக்கும்?"

"அன்னிக்கு நீயே கேளு."

மாட்டுங்காவின் அந்த மாடியில் ரேடியோ வைத்திருந்தவர் பக்கத்து வீட்டு அனந்தநாராயணன் ஒருவர்தான். ஷ்யாமளா அவர் கதவைத் தட்டினாள்.

"மாமா, அஞ்சரைக்கு ரேடியோ போடறேளா? மெல்லமா வெச்சாப் போறும். அப்பாவோடது வரது."

"பக்கத்தாத்துல துக்கம், நான் ரேடியோ போடவா? அவ்வளவு விவஸ்தை கெட்டவனா? காலம்பறவே ஒயரைப் பிடுங்கிட்டேன், கொழந்தே." அவர் கண் கலங்கியிருந்தது.

பின்னால் அகிலாண்டம் அத்தை. அப்பாவின் அக்கா.

"பொணம் கிடக்கறச்சே பாட்டா? உங்கம்மா போனப்போ இவன் ஸ்டுடியோவுல வாத்தியக்காராளுக்குக் கை ஆட்டிண்டிருந்தான். புத்தி அப்படியே வந்திருக்கு."

ஐந்துக்குத் தூக்கினார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பாடையை நிமிர்த்த வேண்டியிருந்தது.

"காத்தைத் தின்னு வாழ்ந்த மனுஷன், என்னமா கனக்கறார்!" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரிப்பை இருமலாக்கினான்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. சவம் போனதும் தலை முழுக வேண்டும். ஒவ்வொருத்தியாக முழுகி வந்தார்கள். கடைசியில் அத்தை அவளைக் குளியலறைக்குள் இழுத்தாள். யுத்த காலத்தில் வெளிச்சம் மறைக்க ஒட்டிய கறுப்புத் தாள் கிழிந்து தொங்கிய ஜன்னல். கீழே இரானி டீக்கடை. அங்கே ரேடியோ எந்நேரமும் கத்தும்.

யாரோ இங்கிலீஷில் அறிவித்தார்கள். கிளாரினெட் எழுந்தது. அவளுக்குத் தெரிந்த கிளாரினெட். செல்லோ வந்து சேரவேண்டிய இடம் நெருங்கியது.

"அத்தை, ஒரு நிமிஷம்."

சொம்பு அந்தரத்தில் நின்றது. அத்தையும் கேட்டாள்.

"இவனோடதா?"

"ஆமா."

அத்தை குழாயை முழுசாகத் திறந்தாள். இடக்கையால் ஷ்யாமளாவின் பிடரியைப் பற்றி அழுத்தினாள்.

"நன்னாக் குனி. தீட்டு போகட்டும்."

தண்ணீர் தலையில் விழுந்து காதுகளில் இறங்கியது. அடுத்த சொம்பு. அதற்கடுத்தது. வாளி காலியாகி, நிறைந்து, மறுபடி காலியாயிற்று.

கை விட்டபின் ஷ்யாமளா தலையைச் சாய்த்து, ஒரு காதிலிருந்த தண்ணீரை வடித்தாள். பிறகு மற்றதை.

கீழே ரேடியோவில் பருத்தி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.