வேர்த்த கண்ணாடி

என் வீட்டுக்காரர் பிளம்பர். எங்கே ஈரத்தைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். சுவரில் ஒரு பொட்டு ஈரம் இருந்தால் போதும், சோறு இறங்காது. அந்தக் கை என் இன்குபேட்டருக்குள்ளும் போகும் என்று எனக்குத் தோன்றாமல் போனதே, அதைச் சொல்லுங்கள்.

பெட்டிக்குள் ஆறு முட்டைகள். எங்கள் கொண்டைக்காரிக் கோழி கடைசியாக இட்டவை. இட்ட வாரமே நோய் கண்டு செத்துப்போனாள். இவர் வேலை முடிந்து வந்ததும் தோளில் ஏறி உட்கார்ந்து காதைக் கொத்துவாள். "ஏய், காதை விடுடீ!" என்று இவர் தினமும் கத்துவார். என்னை மட்டும் மதிக்கவே மாட்டாள், கழுதை. அவள் போனபின் மனுஷன் வாயே திறக்கவில்லை. பார்க்கச் சகிக்காமல்தான் தெர்மாகோல் பெட்டி, மூடியில் பதிக்கக் கண்ணாடி, பல்பு, சின்ன ஃபேன், தண்ணீர்த் தட்டு, ஈரப்பதம் காட்டும் மீட்டர் எல்லாம் வாங்கி நானே இன்குபேட்டர் செய்தேன். இவை பொரிக்காவிட்டால் அவள் வம்சம் அத்தோடு சரி.

பதினெட்டு நாள் ஈரப்பதம் ஐம்பதைத் தாண்டாமல் காத்தேன். அதற்குப்பிறகு எழுபது வேண்டும், மூடியைத் திறக்கவே கூடாது. இருபதாம் நாள் காலை ஒரு முட்டையில் விரிசல் விழுந்தது. உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம். கண்ணாடி நன்றாக வேர்த்திருந்தது. நிம்மதியாகக் கடைக்குப் போனேன்.

வந்து பார்த்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. மீட்டர் முப்பத்தெட்டு காட்டுகிறது!

"என்ன பண்ணீங்க?"

"உள்ள ஒரே தண்ணிம்மா. எங்கயோ கசியுதுன்னு திறந்து, தட்டுல இருந்ததையும் பஞ்சால ஒத்தி எடுத்துட்டேன்," என்றார், சபாஷ் சொல்வேன் என்று எதிர்பார்த்து.

"அடப்பாவி மனுஷா! அந்த ஈரம் இல்லன்னா ஓட்டுக்குள்ள சவ்வு காஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கும். திரும்ப முடியாம உள்ளயே செத்துடும்!"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. முட்டைக்குள் சத்தம் நின்றிருந்தது. நான் பதறி மூடியில் கைவைத்தேன்.

"திறக்காத! இருக்கிற ஈரமும் போயிடும்ல?"

வேலைப் பையிலிருந்து ஒல்லியான குழாயை எடுத்தார். காற்றுத் துளை வழியாக அதைத் தட்டுவரை விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைப் புனலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முட்டைமேல் ஒரு சொட்டு படவில்லை. மீட்டர் நாற்பத்தைந்தாகி, ஐம்பத்தெட்டாகி, எழுபதில் நின்றது.

இரண்டு பேரும் சாப்பிடாமல் பெட்டிமுன் உட்கார்ந்திருந்தோம். மதியம் தாண்டி, "கீச்" என்றது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. சாயங்காலம் முதல் குஞ்சு ஓட்டை உதைத்துக்கொண்டு வெளியே வந்தது. மறுநாளுக்குள் ஐந்து. ஆறாவது கூமுட்டை, அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

கண்ணாடி மறுபடி வேர்த்துச் சொட்டியது. "தொடைச்சிடலாமா?" என்று சீண்டினேன்.

"யாராவது தொட்டா கையை உடைப்பேன்," என்றார்.

குஞ்சுகள் உலர்ந்தபின் முதலில் பிறந்ததை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். அது தள்ளாடி நிமிர்ந்து, காது மடலில் ஒரு கொத்து கொத்தியது.

"ஏய், காதை விடுடீ!"

வீடு அதிர அந்தக் கத்தலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நான் அழுதேவிட்டேன்.