மீன்தொட்டிக்கு றம்ஸீன் செய்த மேசை

கத்தாருக்குப் போன கூட்டாளி கொடுத்துவிட்டுச் சென்ற மூன்றடி மீன்தொட்டியை றம்ஸீன் கல்முனை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று மாதமாகியிருந்தது. அதற்குத் தானே ஒரு மரமேசை செய்வதாகச் சொல்லியிருந்தான். அதுவரை தொட்டி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வீட்டில் எல்லோரும் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். ஒருநாள் அவன் மனைவி பஸ்லியா தொட்டிக்குள் வெங்காயத்தைக் கொட்டிவைத்தாள்.

“மீன் வாற வரைக்கும் இதுகள் நீந்தட்டும்,” என்றாள்.

அது அவனுக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன் அவன். சொன்ன சொல் தவறுகிறவன் என்று பேர் வாங்க விருப்பமில்லை. தவணை விடுமுறை தொடங்கிய அன்றே, பழைய யன்னல் நிலைகளில் கழற்றிய, இரும்புபோல இறுகிய முதிரைமரச் சட்டங்களை முற்றத்தில் போட்டு ஆணி அடிக்கத் தொடங்கினான். முதல் ஆணி வளைந்தது. அடுத்ததும் வளைந்தது. ஏழாவதாக வளைந்த ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாண்டிருப்பில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் குணத்திடம் போனான்.

குணம் அந்த ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “முதிரையோடயா சேர் மல்லுக்கட்டின நீங்க? பாவம் இந்த ஆணி.”

“அப்ப என்ன செய்ற?”

“முதல்ல துளை போடணும். மறுகா ஸ்குரூ முறுக்கணும். நான் வந்து செஞ்சு தரட்டா?”

“வேணாம் குணம். நான்தான் செய்யணும். இல்லாட்டி வீட்டுல தலை நிமித்த ஏலாது.”

குணம் சிரித்துக்கொண்டு துளை போடும் மெசினைக் கொடுத்துவிட்டான்.

ஒன்பது நாளில் மேசை நின்றது. வார்னிஷ் பூசிய அன்றுதான் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வீதிப் புழுதியை அள்ளிவந்து அதன்மேல் அப்பியது.

“ரோல்ஸுக்கு றஸ்க் தூள் பிரட்டின மாதிரி இரிக்கி,” என்றாள் பஸ்லியா. “பொரிச்சும் எடுக்கப் போறீங்களா?”

அவன் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, மேசையை ஹோலுக்குள் தூக்கிவைத்து, யன்னல்களைச் சாத்திக்கொண்டு மறுபடி பூசினான். இந்த முறை மரம் தேன் நிறத்தில் பளபளத்தது. பஸ்லியா யாரும் பார்க்காத நேரத்தில் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “தண்ணி ஊத்தினாப் பிறகு விழுந்தா?”

“தண்ணி, கண்ணாடி, மண் எல்லாம் சேத்து இருநூத்தி முப்பது கிலோ. முதல்ல அந்தப் பாரத்த வெச்சுப் பாப்பம்.”

நடுவில் ஐம்பது கிலோ அரிசி மூட்டையை வைத்தார்கள். ஒரு முனையில் எழுபத்துநாலு கிலோ றம்ஸீன் ஏறி நின்றான். மறுமுனையில் அறுபத்திரண்டு கிலோ பஸ்லியா. இன்னும் நாற்பத்துநாலு கிலோ தேவைப்பட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பஸ்லியாவின் மூத்த சகோதரி மைமூனா ராத்தாவைக் கூப்பிட்டார்கள்.

“மதினி, நீங்க எத்தின கிலோ?”

“நாப்பத்தஞ்சு,” என்றாள் மைமூனா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

பஸ்லியா வாயைப் பொத்திக்கொண்டாள். றம்ஸீன் மட்டும் முகம் மாறாமல், “அப்ப கணக்குச் சரி. ஏறுங்க,” என்றான்.

மைமூனா கதிரையில் கால்வைத்து ஏறி, மூட்டையின் மேல் கலியாணப் பெண்போல உட்கார்ந்தாள். மேசை முதன்முறையாக ஒரு முனகல் முனகியது.

“நாப்பத்தஞ்சு எண்டாலும் நல்ல நாப்பத்தஞ்சுகா!” என்றாள் பஸ்லியா.

சிரிப்பில் மூவரும் குலுங்கினார்கள். மேசை அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மெசினை வாங்கிப்போக வந்த குணம் வாசலில் நின்றான். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எல்லாம் நல்ல பெரிய மீனாத்தான் இரிக்கி சேர்,” என்றான்.

அடுத்த நாள் தொட்டியை ஏற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்கள். கால்வாசி நிரம்பியதும் பஸ்லியா கையை நீட்டினாள். ஒரு பக்கத்துத் தண்ணீர் அரை விரல் உயரமாக நின்றது.

“மேசை கோணல்!”

றம்ஸீன் மட்டப்பலகையை மேசையின் காலடியில், வெறும் நிலத்தில் வைத்தான். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. “மேசையில்ல, நிலம்தான் கோணல். வீடு ஆர் கட்டித் தந்த?”

சீதனமாக அந்த வீட்டைக் கட்டிக்கொடுத்தது பஸ்லியாவின் வாப்பா. அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். “கழுவினா தண்ணி ஓடணும் எண்டு வாப்பா வேணுமெண்டுதான் சரிச்சுப் போட்டவர். பதினாலு வருசமா வீடு கழுவியிருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிரிக்கும்.”

றம்ஸீன் குனிந்து, மேசையின் இரண்டு கால்களுக்கு அடியில் மெல்லிய ஆப்புச் செருகித் தண்ணீரை மட்டமாக்கினான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்லியாவோடு வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். தொட்டிக்குள் ஆறு தங்கமீன்கள் ஓடின. மேசையை எந்தக் கடையில் எடுத்தது என்று ஒருத்தி கேட்பது அறைக்குள் இருந்த றம்ஸீனுக்குக் கேட்டது.

“கடையில எங்க இப்பிடி எடுக்கிற?” என்றாள் பஸ்லியா. “எங்கட அவர் கையால செஞ்ச. மூணு பேர் ஏறி நிண்டும் அசையல்ல.”

அவன் கட்டிலில் இருந்தபடியே தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, தேத்தண்ணி கேட்பவன்போல வெளியே வந்தான்.