எதில் கட்டுவது

மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஜீப்பை நம்புகிறவன் மடையன். இருபத்தோரு வருஷம் தோட்டத்து வண்டி ஓட்டிய கஸ்பருக்கு அது தெரியும். இலங்கையில் பொகவந்தலாவைக்கு மேலே, மேகம் வந்து உட்காருகிற மேல்பிரிவில், யுத்தத்துக்குப் பிறகு துரை வாங்கிப் போட்ட பழைய ஜீப்புக்கு அவன்தான் டிரைவர். அந்த ஜீப்பையும் அவன் நம்பியதில்லை. துரையையும் நம்பியதில்லை. சங்கம், சந்தா என்று கூட்டம் போட்டுத் திரிந்த சொந்த மகனைக்கூட முழுசாக நம்பினான் என்று சொல்ல முடியாது.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து ஆடி மழை. அன்று காலை பத்து மணிக்கு அந்த மகனைத்தான் கம்பளியில் தூக்கி வந்தார்கள். றோலண்ட் கவ்வாத்து வெட்டுகிற ஆள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. ஈரத்தில் கத்தி வழுக்கி உள்தொடையில் இறங்கிவிட்டது. மருந்துக்கார ஐயா துணியை முறுக்கிக் கட்டினார். கட்டின துணி கட்டினபடியே சிவந்தது.

"கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க கஸ்பர். ஒரு மணி, மிஞ்சினா ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல என் கையில இல்ல."

தூக்கிக்கொண்டு நடந்தால் மூன்று மணி நேரம். ஆகவே ஜீப்புதான். மூன்று நாளாக மழையில் ஊறிக் கிடந்த ஏழு மைல் மண்பாதை.

கஸ்பர் கராஜுக்கு ஓடினான். டயருக்குச் சுற்றுகிற சங்கிலி முன்பே மாட்டியிருந்தது. மற்றதில் எதை எடுப்பது, எதை விடுவது? மகனைப் படுக்க வைத்தால் பின்னால் பாதி இடம் போச்சு. காலை அமுக்கிப் பிடிக்க ஒரு ஆள். மிச்சம் ஒரு மூலைதான்.

மண்வெட்டி வேண்டும். எடுத்தான். பலகை இரண்டு. சேறு பலகையைக் குடித்துவிடும் என்று தெரியும், என்றாலும் எடுத்தான். ஜாக்கியைத் தூக்கிப் பார்த்தான். நல்ல ஜாக்கிதான், ஆனால் கீழே நிற்பதற்குத் தரை வேண்டுமே. அதையும் போட்டான். சணல் கயிறு நனைந்து நூல் விட்டிருந்தது. அதைக் காலால் ஒதுக்கினான். கொழுந்து மூட்டை இறக்கப் பயன்பட்ட பழைய கம்பிக்கயிற்றில் இருபது முழம் சுருட்டி எடுத்தான். கடைசியாக, தொழிற்சாலை மெஷினைத் தூக்குகிற சங்கிலிக் கப்பி. அதில் ஒரு கொக்கியை வண்டியில் மாட்டி, இன்னொன்றை அசையாத ஒன்றில் மாட்டி, தொங்குகிற சங்கிலியைக் கையால் இழுத்தால் ஒரே ஆள் ஜீப்பை நகர்த்திவிடலாம். ஆனால் பிணக் கனம். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி அந்த மூலையில் வைத்தான்.

அவன் பெண்சாதி ஜோசப்பின் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏற வந்தாள்.

"நீ இரு."

"எம் புள்ளைங்க அது."

"எடமில்ல. பாரமும் தாங்காது."

"அந்த இரும்புக்கு எடமிருக்கு, எனக்கு எடமில்லையா?"

"இரும்பு வண்டிய இழுக்கும். நீ இழுப்பியா?"

சொன்னது முரட்டுச் சொல்தான். ஆனால் சரியான கணக்கு. அவள் கையை எடுத்துவிட்டாள்.

காலைப் பிடிக்க றோலண்டின் கூட்டாளி சோலைமலை ஏறினான். அதே கவ்வாத்துக் கூட்டம், அதே சங்கம். கஸ்பருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவனுடைய இரண்டு கையும் உரல் மாதிரி இருந்தன.

மூன்று மைல் ஒழுங்காகப் போனார்கள். றோலண்ட் பேசிக்கொண்டுகூட வந்தான்.

"துரைக்குக் கத்தி பழுதாப் போச்சேன்னு கவலையா இருக்கும்டா."

"சும்மா கெடடா" என்றான் சோலைமலை. "நீ செத்தா இன்னைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளந்தான் போடுவானுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கஸ்பருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. கியரை மாற்றி ஓட்டினான்.

நாலாவது மைலில் பாதை வளைகிற இடத்தில் வெளி ஓரம் சரிந்து பள்ளத்தில் போயிருந்தது. கஸ்பர் மலைப்பக்கமாக ஒதுங்கினான். அங்கே தண்ணீர் ஓடுகிற காணின் ஓரம் ஊறியிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. இடது சில்லுகள் இரண்டும் காணுக்குள் இறங்கின. வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்தது. சங்கிலி சுற்றிய சில்லு சும்மா சுழன்று சேற்றை வாரி அடித்தது.

பலகையைக் கொடுத்தான், சேறு குடித்தது. ஜாக்கியை வைத்தான், வண்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது. பத்து நிமிஷம் போச்சு. சரி, கப்பி. இதற்காகத்தானே பெற்றவளை விட்டுவிட்டு வந்தது.

எதை எடுப்பது என்று அத்தனை யோசித்தவன், எதில் கட்டுவது என்று யோசிக்கவே இல்லை. மலை முழுக்க மரம் என்று நினைத்திருந்தான். அந்த வளைவில் இருந்தது மேலே கவ்வாத்து முடிந்த தேயிலை மலையும், நடுநடுவே நிழலுக்கு வைத்த முள்ளுமுருங்கையும்தான். கஸ்பர் மேட்டில் ஏறி, கிட்ட இருந்த முருங்கையில் கம்பிக்கயிற்றைச் சுற்றினான்.

"டைவர் மாமா, அதுல கட்டாதீங்க. அது வாழைக்குச் சொந்தக்காரன், தாங்காது" என்று வண்டிக்குள்ளிருந்து கத்தினான் சோலைமலை.

"ஒன் வேலையப் பாரு. கால விடாத."

கஸ்பர் சங்கிலியை இழுத்தான். கடகடவென்று வண்டி ஒரு சாண் வந்தது. இரண்டு சாண். கஸ்பருக்கு உயிர் வந்தது. பிறகுதான் பார்த்தான், இப்போது வண்டி வரவில்லை, மரம் வந்துகொண்டிருந்தது. மெதுவாகத் தலை சாய்த்து, வேரோடு பிடுங்கிக்கொண்டு பாதையின் குறுக்கே விழுந்தது. வண்டி ஏறி வந்த சாணெல்லாம் திரும்ப இறங்கியது.

"அப்பா." றோலண்டின் குரல் இப்போது சின்னதாக இருந்தது. "தேயிலையில கட்டுப்பா. தூருல. அது அசையாது."

கவ்வாத்து வெட்டுகிறவனுக்குத் தெரியும் தேயிலைத் தூர் எப்படிப்பட்டதென்று. வெள்ளைக்காரனின் பாட்டன் காலத்தில் நட்ட செடி. மேலே முழங்கால், கீழே ஆள் உயரம். கஸ்பருக்கும் தெரியாமலில்லை. ஆனால் தேயிலையில் கை வைப்பதா? போன வருஷம் பட்டுப்போன ஒரு செடியின் வேரை விறகுக்குத் தோண்டினான் என்று தோட்டத்து ஆள் அழகுமுத்துவுக்கு, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா வேலையை விட்டு நிறுத்துகிற பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்தார். வேலை போச்சு, குடியிருந்த லயத்து அறை போச்சு. பிரஜாவுரிமை இல்லாதவனை வேறு தோட்டமும் சேர்க்கவில்லை. பெண்சாதி பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனான். பட்ட செடிக்கே அப்படி.

"செடி பிடுங்கிக்கிட்டு வந்தா?" என்றான் கஸ்பர்.

"வந்தா வரட்டும், நான் பாத்துக்குறேன். சங்கத்துல பேசுறோம்" என்றான் சோலைமலை.

அந்தச் சொல் வந்ததும் கஸ்பரின் மனசு பூட்டிக்கொண்டது. சங்கம் பேசி யாருக்கு லயம் திரும்பக் கிடைத்தது?

"அந்தா இன்னொரு மரம் இருக்கு."

"மாமா! ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இவன் கால் சில்லுன்னு இருக்கு!"

கஸ்பர் கேட்கவில்லை. இன்னொரு முருங்கை கொஞ்சம் பருமனாக இருந்தது. பருமன் அவனை ஏமாற்றியது. கம்பியை அவிழ்த்து, வழுக்கி விழுந்து, ஏறிக் கட்டி, இறங்கி இழுத்தான். உள்ளங்கைத் தோல் சங்கிலியோடு போனது. வண்டியின் மூக்கு காண் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு முழம் இருக்கும். அந்த மரம் சாயக்கூட இல்லை. நடுவில் ஊறிப்போயிருந்தது, முறிந்தது.

மழை விடவில்லை. கஸ்பர் முறிந்த மரத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது.

"மாமா." சோலைமலை இப்போது கத்தவில்லை. "அவன் பேச்சக் காணோம்."

கஸ்பர் மேட்டில் ஏறினான். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தேயிலைத் தூரைச் சேர்த்துக் கம்பியைச் சுற்றினான். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருதரம் சுற்றிலும் பார்த்தான். அந்த நேரத்திலும் பார்த்தான். இறங்கி வந்து இழுத்தான். சங்கிலி இறுகியது. கம்பி மழையில் ஒரு சத்தம் போட்டது. செடி அசையவில்லை. வண்டிதான் அசைந்தது. ஒரு சாண், ஒரு முழம், விளிம்பு, பாதை. நாலு சில்லும் தரையில் நின்றன.

கம்பியை அவிழ்க்க மேலே போனான். தூரில் பட்டை கொஞ்சம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். நாலு மழை பெய்தால் அதுவும் தெரியாது. ஒரு வேர் கூட வெளியே வரவில்லை. கஸ்பர் அந்தச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். சோலைமலை மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தான்.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். றோலண்டின் கண் பாதி திறந்திருந்தது. வாயில் மழை விழுந்து வழிந்துகொண்டிருந்தது. தொடையில் இரத்தம் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சோலைமலை மட்டும் இன்னும் இரண்டு கையாலும் காலை அமுக்கிப் பிடித்தபடியே இருந்தான்.

"விட்றா" என்றான் கஸ்பர்.

"விட மாட்டேன் மாமா."

"இனி என்னாத்துக்கு?"

"நீங்க வண்டிய எடுங்க."

திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமென்றால், அந்தப் பாதையில் வண்டி திருப்ப இடம் கிடையாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கீழே தொழிற்சாலை முற்றத்துக்குப் போனால்தான் திருப்ப முடியும். அதுவரை கீழே போக வேண்டியதுதான். கஸ்பர் பாதையில் விழுந்து கிடந்த மரத்தைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

கீழ்ப்பிரிவில் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு, றோலண்டுக்கு வெட்டுப்பட்ட சேதி முன்னாலேயே போயிருந்தது. குறுக்குவழியில் யாரோ ஓடிச் சொல்லியிருக்கிறார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் பாதையிலிருந்து கூடையோடு மேட்டில் ஏறி ஒதுங்கி நின்றார்கள்.

"வழி விடுங்கடி! கஸ்பரண்ணே மகன்!"

"ஒண்ணும் ஆவாதுண்ணே! பயப்படாதீங்க!"

"மாரியாத்தா காப்பாத்துவா! வெரசாப் போங்கண்ணே, வெரசா!"

ஒருத்தி பாதையில் கிடந்த கல்லைக் குனிந்து அவசர அவசரமாக ஓரத்தில் தூக்கிப் போட்டாள்.

கஸ்பர் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நிறுத்தவும் இல்லை. அவர்கள் சொன்னபடி வேகமாகத்தான் போனான்.