சக்கரவர்த்தி போடாத கையெழுத்து

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, வழக்கம்போல அடி அண்ணாமலையில் இருந்த சக்கரவர்த்தி வீட்டுக்குக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. ஊரில் கூட்டம் சேரும் முன்பு பழைய கேஸ்காரர்களைக் கூப்பிட்டு, இனித் தப்பு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்குவார்கள். பன்னிரண்டு வருஷமாக அவனும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

சின்ன வயதிலிருந்தே யோசிக்கும் முன்னால் அவனுக்குக் கை நீண்டுவிடும். எட்டு வயதில், பள்ளிக்கூடக் குழாயடியில் முந்திக்கொண்ட பையனின் பல்லை உடைத்தான். பதினைந்தில் யாருடைய பைக்கையோ எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் வரை போனான். இருபத்திரண்டில் ஒரு லாட்ஜ் மேனேஜரை அடித்துவிட்டு எட்டு மாதம் உள்ளே இருந்தான். அந்த மனிதருக்கு இன்றும் ஒரு காது கேட்காது. அதை நினைத்துவிட்டால் சக்கரவர்த்திக்குச் சோறு இறங்காது. வெளியே வந்தபிறகு காய்கறி வேன் ஓட்டினான். கோபம் வந்தால் வண்டியை ஓரம் கட்டி, மூச்சு அடங்கும்வரை இறங்கி நிற்பான்.

இந்த முறை நிலையத்தில் ஏட்டு நீட்டிய காகிதத்தை அவன் வாங்கவில்லை.

"போட மாட்டேங்க."

"இன்னாடா, திமிரா?" ஏட்டு அவன் தோளில் குத்தினார். "சின்னதுலயே கெட்டவன் நீ. அந்தப் புத்தி எங்க போவும்?"

உள்ளங்கை சூடேறியது. சக்கரவர்த்தி இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

"கெட்டவனாத்தாங்க இருந்தேன். இல்லைன்னு சொல்லலை. ஆனா வருஷா வருஷம் இனிமே பண்ண மாட்டேன்னு எழுதினா, போன வருஷமும் பண்ணேன்னு ஆவுது. நான் பண்ணலீங்க."

மதியம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஏட்டு போகவர ஏதாவது சொல்லிச் சீண்டினார். அவன் எழவுமில்லை, கெஞ்சவுமில்லை.

இரண்டு மணிக்கு, புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஆர்த்தி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போடலைன்னா ரெவின்யூ ஆர்.டி.ஓ. முன்னாடி நிறுத்துவேன், தெரியுமா?" என்றார்.

"நிறுத்துங்க மேடம். அங்கயும் இதைத்தான் சொல்வேன். காலையிலருந்து இவரு என்னைச் சீண்டிட்டிருக்காரு. பழைய சக்கரவர்த்தியா இருந்தா இந்நேரம் இவரு ஆஸ்பத்திரியில இருப்பாரு. நான் உக்காந்துதான இருக்கேன்?"

ஏட்டு முறைத்தார். ஆர்த்தி அவனுடைய ஃபைலைக் கடைசிவரை புரட்டினார். பன்னிரண்டு வருஷமாக அதில் அவன் கையெழுத்துகள் மட்டுமே இருந்தன. புது வழக்கு ஒன்றும் இல்லை.

"கேஸ்காரங்க லிஸ்ட்லருந்து உன் பேரை எடுக்கச் சொல்லி மேல எழுதறேன். எடுப்பாங்களான்னு தெரியாது. இன்னிக்குக் கையெழுத்து வேணாம். போ."

அவன் எழுந்தான், ஆனால் நகரவில்லை.

"போங்கன்னு சொல்லுங்க மேடம்."

ஆர்த்தி ஃபைலை மூடினார். "போங்க," என்றார்.

அடுத்த தீபத்துக்கும் ஆள் வரலாம். வந்தாலும் அவன் போடுவதாக இல்லை.