இருபது செக்கன்

புதுக்குடியிருப்பில் கலியாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த றிபாஸ், இரண்டு வருடத்துக்கு முன்புதான் கிரிக்கெட் ஆட்டங்களை நேரலையில் காட்டத் தொடங்கினான். வெயில் காலத்தில் சுற்றுவட்டாரக் கழகங்களெல்லாம் மென்பந்துச் சுற்றுப்போட்டி நடத்தும். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற ஊர்க்காரர் அதைப் போனில் பார்ப்பார்கள். சிக்னல்தான் சரியில்லை. பந்து வீசுகிறவனின் கை மேலே போகும், படம் அப்படியே உறைந்து நிற்கும், திரும்ப அசையும்போது துடுப்பாட்டக்காரன் ஆட்டமிழந்து நடந்துகொண்டிருப்பான். அதற்காக றிபாஸ் வாங்கிக் கட்டிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

"படத்தை இருபது செக்கன் பிந்த விடு மச்சான்," என்றான் சுமன். பக்கத்துக் கடையில் போன் திருத்துகிறவன். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். "சிக்னல் விழுந்து எழும்பிறதுக்கு லப்டொப்புக்கு நேரம் கிடைக்கும். பாக்கிறவைக்குப் படம் நிக்காது."

படம் இருபது வினாடி பிந்தினால் தடங்கல் தெரியாது என்பது உண்மைதான், றிபாஸுக்கும் தெரியும். ஆனால் சுமனுக்கு ஏன் இந்த அக்கறை என்பதுதான் விளங்கவில்லை. கேட்டபோது சுமன் மறைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஒரு வட்ஸ்அப் குழு வைத்து, பந்துக்குப் பந்து பந்தயம் கட்டுகிறார்கள். அடுத்த பந்து நான்கா, விக்கெட்டா, நோபோலா? படத்தில் பந்துவீச்சாளன் ஓடத் தொடங்கும்வரை பணம் கட்டலாம்.

"நான் மைதானத்தில நிண்டு பந்தைப் பாத்திடுவன். அவைக்கு அந்தப் பந்து இன்னும் போடுபடவேயில்லை. விளங்குதே?"

நன்றாகவே விளங்கியது. சூது ஹறாம், மார்க்கம் விலக்கியது என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்திலேயே எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 'நான் பந்தயம் கட்டேல்லையே, படத்தைத் தெளிவாக்கிறன், அவ்வளவுதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சுமன் கொடுத்த பங்கில் புதுக் கமரா வந்தது. இந்த முறை கலியாண வேலைகள் கூடிவிட்டன என்று மனைவி றுஸ்னாவிடம் சொன்னான். அவள் நம்பினாள்.

பார்க்கிறவர்களும் மகிழ்ந்தார்கள். "இப்பதான் படம் கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி, வாழ்த்துக்கள்" என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார். அதற்கு நன்றி எழுதும்போது றிபாஸின் விரல் கொஞ்சம் தயங்கியது.

தர்மபுரத்தில் நடந்த அரையிறுதியில் சங்கிலி பந்து வீசினான். முப்பத்துநான்கு வயது, அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. அவனுடைய தகப்பன் மாயாண்டி எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்தவர். அவனுடைய கழகத்தில் சங்கிலியைப் போல வேகமாகப் போடுகிறவன் இல்லை. வேகத்தில் கால் கோட்டைத் தாண்டிவிடும். அன்றைக்கு நான்கு நோபோல். நான்கு முறையும் குழுவில் ஒரே பெயருக்குத்தான், சுமன் வைத்திருந்த பொய்ப் பெயருக்குத்தான், பணம் போனது.

லண்டனில் குழுவை நடத்தியவர் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் பிழையாகக் கண்டுபிடித்தார். பந்துவீச்சாளன் காசு வாங்கிக்கொண்டு முன்கூட்டியே சொல்லியிருக்கிறான் என்று கழகத்துக்கு எழுதினார். கழகக் கட்டடத்துக்கு உதவுகிறவர்களில் அவரும் ஒருவர் என்பதால், தலைவர் தவநேசன் மறுநாளே கூட்டம் கூட்டினார். வீடியோவைக் கொண்டுவரச் சொல்லி றிபாஸுக்கும் அழைப்பு வந்தது.

அவன் லப்டொப்பை மேசையில் வைத்து நான்கு பந்துகளையும் போட்டுக் காட்டினான். புதுக் கமராவில் சுண்ணாம்புக் கோடும் அதைத் தாண்டி ஊன்றிய வெறுங்காலும் துலக்கமாகத் தெரிந்தன.

"வேணுமெண்டு வைக்காட்டி இவ்வளவு வெளியில போகுமே?" என்றான் ஒருவன்.

"அவங்களுக்குக் காசைக் கண்டாப் போதும்," என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். 'அவங்கள்' என்றால் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைத் தடுக்கவில்லை.

சங்கிலி எழுந்து நின்றான். "நான் ஆரிட்டயும் ஒரு சதம் வாங்கேல்லை," என்றான்.

தவநேசன் றிபாஸின் பக்கம் திரும்பினார். "நீர் முழு நேரமும் கமராவோட நிண்டனீர். ஏதும் வித்தியாசமாக் கண்டனீரோ?"

ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற விசயம். கூட்டத்தை வேடிக்கை பார்க்க வந்து சுவரில் சாய்ந்து நின்ற சுமன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் படம் எடுக்கிற ஆள்தானே," என்றான் றிபாஸ். "எனக்கென்ன தெரியும்."

இரண்டு வருடம் விளையாடக்கூடாது என்று சங்கிலியை நிறுத்தினார்கள்.

ஒரு கிழமை கழித்துச் சங்கிலியே அழைத்தான். "றிபாஸ் தம்பி, அந்த நாலு பந்தையும் மெதுவா ஓடுற மாதிரி எடுத்துத் தருவீங்களோ? என்ர கால் எப்பிடிப் போகுதெண்டு ஒருக்காப் பாக்கோணும்."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. அடுத்த நாள் பின்னேரம் லப்டொப்பையும் எடுத்துக்கொண்டு போனான். சங்கிலியின் மனைவி கமலேஸ்வரி கதிரையைத் துடைத்துப் போட்டாள், தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"இவர் மில்லுக்கும் போறேல்லை தம்பி. 'இண்டைக்கு எவ்வளவு தந்தவங்கள்' எண்டு அங்க பகிடி பண்ணீனமாம்."

"அதை விடு," என்று சங்கிலி திரைக்கு முன்னால் குந்தினான். அந்தக் கால் மெல்ல மெல்ல எழும்பி ஊன்றுவதை நான்கைந்து தரம் பார்த்தான். "ஒரு சாண் வெளியில. கடைசி அடியை நீட்டி வைக்கிறன். காசு வாங்கேல்லைத்தான், எண்டாலும் பிழை என்ர காலில இருக்கு. சந்தேகப்பட்டவையைக் குறை சொல்லேலாது." பிறகு நிமிர்ந்து சிரித்தான். "நல்ல தெளிவா எடுத்திருக்கிறீங்கள் தம்பி."

றிபாஸ் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணை, உங்கட கால் இல்லை. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். முன்பின்னாக, தடக்கித் தடக்கிச் சொன்னான். சங்கிலிக்கு முதலில் பிடிபடவில்லை. "படம் பிந்தினா அதில என்ன?" என்று கேட்டான். "நீங்கள் போட்ட பந்தைச் சுமன் பாத்திட்டான் அண்ணை. பிறகுதான் காசு கட்டினவன்," என்று சொன்ன பிறகு அவன் முகம் மாறியது. ஏசுவான், அடிப்பான் என்று றிபாஸ் காத்திருந்தான். அடித்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்டைக்குத் தலைவர் உங்களிட்டக் கேட்டவர் எல்லோ?"

"ஓம்."

"நான் உங்கட முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டனான். கமராவுக்குப் பின்னால நிண்ட ஆள், ஏதும் நல்லதாச் சொல்லுவீங்கள் எண்டு."

றிபாஸ் லப்டொப்பை மூடினான்.

கமலேஸ்வரிதான் பிறகு பேசினாள். "இஞ்ச வந்து சொல்லி என்ன பிரயோசனம்? எங்களுக்குத் தெரியும் இவர் களவெடுக்கேல்லை எண்டு. அங்க போய்ச் சொல்லுங்கோ, அந்த ஆக்களுக்கு முன்னால."

அவன் நேரே தவநேசனிடம் போனான். தலைவர் கேட்டுவிட்டு, வெளியில் யாருக்கும் கேட்காதபடி கேற்றைச் சாத்தினார். "லண்டன்காரரைப் பிழையெண்டு சொன்னாக் கோவிச்சுக் காசை நிப்பாட்டிப் போடுவார், கட்டட வேலை நிண்டுபோகும். சங்கிலியை வாற வருசம் சத்தமில்லாமல் திரும்ப எடுப்பம். நீரும் இதோட வாயை மூடிக்கொள்ளும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் றிபாஸுக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா என்றிருந்தது. வீதிக்கு வந்து மோட்டார்சைக்கிளை எடுத்த பிறகுதான், தான் சந்தோசப்படுகிறோம் என்பது உறைத்தது. ஒழுங்கைக்குள் ஒரு வேலியோரம் நிறுத்தி, இறுதிப்போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. நாணயச் சுழற்சிக்கு முன், அறிவிப்பாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினான். சனம் ஏதோ பரிசு அறிவிப்பென்று நினைத்தது. அவன் தன் பெயரைச் சொன்னான், செய்ததைச் சொன்னான், கூட்டத்தில் கேட்டபோது பொய் சொன்னதையும் சொன்னான். "சங்கிலி அண்ணையில ஒரு பிழையும் இல்லை." கடைசி வசனத்தை இரண்டு தரம் சொன்னான். ஒருவன் செருப்பால் எறிந்தான். சுமன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தான்.

வீட்டுக்கு வரமுன்னரே செய்தி வந்துவிட்டது. கனடாவிலிருந்து றுஸ்னாவின் தமக்கை அழைத்து, நேரலையில் முழுவதையும் பார்த்ததாகச் சொல்லியிருந்தாள். றுஸ்னா குசினியில் அடுப்புக்கு முன்னால் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "கலியாணம் கூட எண்டு சொன்னீங்கள்," என்றாள். "நான் ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிஞ்சிட்டன்."

அதற்குப் பிறகு எந்தக் கழகமும் அவனைக் கூப்பிடவில்லை. சங்கிலி மீதான தடையை எடுத்துக் கடிதம் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கிக்கொண்டான், ஆனால் அந்தக் கழகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பளையில் ஒரு கழகம் கேட்டு, அங்கே விளையாடப் போனான்.

புரட்டாதியில் ஒருநாள் புதுக்குடியிருப்புச் சந்தையில் றிபாஸ் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது, ஒரு சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.

"சுகமோ தம்பி? வீட்டில பிள்ளையள் சுகமோ?" சங்கிலிதான். குரலில் குத்தலில்லை. வழமையாக யாரையும் விசாரிக்கிற விசாரிப்பு.

"ஓம் அண்ணை," என்றான் றிபாஸ். கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்தபடியே நின்றான். சைக்கிள் நகர்ந்து, சனத்துக்குள் போய் மறைந்து வெகு நேரமாகியும் தலையை நிமிர்த்தவில்லை. கடைக்காரி மூன்று தரம் கேட்டுவிட்டாள், எத்தனை கிலோ என்று.